ரோட்டரி இன்ஜின் மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்து நோயைப் பிடிப்பது

ரோட்டரி இன்ஜின் உள்ள ஒரு பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று பக்கத்துப் பட்டறையில் கொண்டுபோய் விட்டால், அங்கே இருப்பவர் பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். அப்புறம் "இன்ஜின் போச்சு" என்று சொல்லிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கை பழகிய எதுவும் இதற்குள் இல்லை. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. சரி, கம்ப்ரஷனாவது (அறைக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கலாம் என்றால் அவரிடம் இருக்கும் கேஜ் இந்த இன்ஜினில் பொய் சொல்லும்.

ரோட்டரியில் "இன்ஜின் போச்சு" என்பது கடைசியாக வரவேண்டிய தீர்ப்பு. அதற்கு முன்னால் பேட்டரி, பிளக், காயில் என்று மலிவான சந்தேகங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில்தான் இங்கே போகப்போகிறோம். பெரும்பாலும் 2003 முதல் 2012 வரை தயாரான ஆர்எக்ஸ்-8 பற்றித்தான் பேச்சு, ஏனென்றால் இன்று மலிவாகக் கைமாறுகிற ரோட்டரி அதுதான். (நம் ஊரில் மஸ்டா என்றதும் ஸ்வராஜ் மஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். அது டீசல் வண்டி. இது முற்றிலும் வேறு ரகம்.) நடுநடுவே பழைய கதையும் வரும். இந்த இன்ஜினுக்கு இன்று வரும் நோய்களில் பலவும் 1950-களில் ஜெர்மனியிலும் 1960-களில் மஸ்டாவின் ஊரான ஹிரோஷிமாவிலும் இதைச் செய்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தவைதான். அவர்கள் எந்த ஓட்டையை எப்படி அடைத்தார்கள் என்று தெரிந்தால், எது முதலில் திறந்துகொள்ளும் என்பதை ஊகிப்பது சுலபம்.

உள்ளே என்ன இருக்கிறது

வேர்க்கடலைத் தோடு மாதிரி இடுப்பில் லேசாக ஒடுங்கிய ஒரு கூடு. அதற்குப் பெயர் ஹவுசிங். அதற்குள் பக்கங்கள் உப்பிய ஒரு முக்கோணம் சுற்றுகிறது, அது ரோட்டர். அதன் மூன்று முனைகளும் எந்நேரமும் சுவரை உரசிக்கொண்டே போகும். ஆகவே ரோட்டருக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள் உண்டாகின்றன. ஒவ்வொரு அறையும் சுற்றுகிற போக்கிலேயே பெருத்துச் சிறுத்து, காற்றையும் பெட்ரோலையும் இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளும். ரோட்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நடு ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். மீட்டரில் 9,000 ஆர்பிஎம் காட்டும்போது ரோட்டர் உண்மையில் சுற்றுவது 3,000தான். ஆர்எக்ஸ்-8-இல் இப்படி இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி.

முனைகளில் பதித்த மெல்லிய பட்டைக்கு அபெக்ஸ் சீல் என்று பெயர். பக்கவாட்டில் வில்லாக வளைந்து கிடப்பது சைடு சீல். இரண்டும் சந்திக்கும் மூலையில் பொத்தான் மாதிரி கார்னர் சீல். பிஸ்டன் ரிங் செய்கிற வேலையை இங்கே இத்தனை துண்டுகளும் சேர்ந்து செய்ய வேண்டும். இந்த இன்ஜினின் தலையெழுத்து முழுக்க இந்தத் துண்டுகளில்தான் எழுதியிருக்கிறது.

ஃபெலிக்ஸ் வான்கெல் இந்த வகை இன்ஜினுக்கு முதல் காப்புரிமை வாங்கியது 1929-இல். என்எஸ்யூ என்ற ஜெர்மன் நிறுவனத்தில் அவருடைய மாதிரி முதன்முதலாக ஓடியது 1957 பிப்ரவரி 1 அன்று. இடையில் இருபத்தெட்டு வருடம். அந்த முதல் மாதிரியில் ரோட்டரோடு சேர்ந்து ஹவுசிங்கும் சுற்றியது. பிளக் மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற இன்ஜினியர்தான் ஹவுசிங்கை அசையாமல் நிறுத்தி, ரோட்டரை மட்டும் சுற்றவிட்டார். தன் பந்தயக் குதிரையை ஏர் இழுக்கும் குதிரை ஆக்கிவிட்டார்கள் என்று வான்கெல் வருத்தப்பட்டதாகச் சொல்வார்கள். நீங்கள் கீழே குனிந்து பிளக்கைக் கழற்றும்போது அந்த ஏர்க்குதிரைக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

"நேற்று நகர்த்தி நிறுத்தினேன், இன்று ஸ்டார்ட் ஆகவில்லை"

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, சைலன்சரில் பெட்ரோல் வாடை. முந்தின நாள் வண்டியை ஷெட்டிலிருந்து எடுத்து வாசலில் விட்டு உடனே ஆஃப் செய்திருப்பீர்கள். இது ஓவர்ஃப்ளோ. நல்ல இன்ஜினுக்கும் வரும், பயப்பட வேண்டாம்.

நடந்தது இதுதான். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைத் தாராளமாக ஊற்றுகிறது. ஒரு நிமிடத்தில் ஆஃப் செய்தால் எரியாத பெட்ரோல் அறைக்குள் தங்கி, சீல்களின் மேலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. அந்தப் படலம்தான் சீலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது. அது போனதும் கம்ப்ரஷன் விழுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நீங்கள் திரும்பத் திரும்பச் செல்ஃப் அடிக்க, இன்னும் பெட்ரோல் உள்ளே போகிறது.

ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். வெறும் காற்று போய் அறை உலரும். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும், அப்புறம் ஒரு நிமிடம் ஓய்வு. மூன்று நான்கு தடவையில் இருமுகிற மாதிரி பிடிக்கத் தொடங்கினால் காலை மெல்லத் தளர்த்துங்கள். வெள்ளையாக ஒரு மூட்டம் கிளம்பும், விட்டுவிடுங்கள்.

செல்ஃப் சுற்றுகிற வேகம் குறைந்தால் அதற்கு மேல் முயல்வது வீண். பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். ரோட்டரியில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் வேகம் பெரிய விஷயம். ஆர்எக்ஸ்-8-இன் தொடக்க காலத்து ஸ்டார்ட்டர் மந்தமானது, பிற்பாடு மஸ்டாவே வேகமான ஒன்றைக் கொண்டுவந்தது. உங்கள் வண்டியில் இன்னும் பழையதுதான் இருக்கிறதென்றால், வேறெதையும் தொடுமுன் அதை மாற்றலாம்.

அதற்கும் மசியவில்லையா? முன் இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினால் நான்கு பிளக்குக்கும் கை எட்டும். பெட்ரோல் வராதபடி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, நான்கையும் கழற்றி, செல்ஃப் அடித்து உள்ளே கிடக்கும் பெட்ரோலை வெளியேற்றுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. ஷாஃப்டைக் கையால் திருப்பித் திருப்பி, பிளக் துளை வழியாக ஒவ்வொரு அறைக்கும் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இன்ஜின் ஆயில் விட்டால் கழுவப்பட்ட படலம் திரும்பி வரும். பிறகு காய்ந்த பிளக்குகளைப் போடுங்கள். கீழ் வரிசைக்கும் மேல் வரிசைக்கும் வேறு வேறு பிளக், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வயரையும்தான்.

இனிமேல் வண்டியைக் கிளப்பினால் சூடேறும் வரை ஓடவிட்டுத்தான் ஆஃப் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலைப் பெருக்க வண்டியை நகர்த்த வேண்டுமா, ஆளைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள்.

"காலையில் ஒரே அடியில் பிடிக்கிறது, சூடான பிறகு பிடிப்பதில்லை"

இதுதான் கவலைப்பட வேண்டிய அறிகுறி. பெட்ரோல் பங்கில் நிறுத்தி, நிரப்பிவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஐந்து, பத்து விநாடி கழித்து வேண்டாவெறுப்பாகப் பிடிக்கும். வாரம் போகப் போக அந்த நேரம் நீளும். கடைசியில் ஆறிய பிறகுதான் பிடிக்கும்.

குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த சீலின் இடைவெளியை அதுவே அடைத்துவிடும். சூடானால் ஆயில் நீர்த்து இடைவெளி வெளிப்படும். சூட்டில் ஸ்டார்ட்டரும் கொஞ்சம் தளரும். ஆக, கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஆனால் சந்தேகம் தீர்ப்பு ஆகிவிடாது, அளந்து பாருங்கள்.

சாதாரணக் கம்ப்ரஷன் கேஜில் காற்றை உள்ளே விட்டுத் திரும்பவிடாத ஒரு சின்ன வால்வு இருக்கிறது. பிஸ்டனுக்கு அது சரி. ரோட்டரில் மூன்று அறைகளும் ஒரே பிளக் துளையைத் தாண்டிப் போகின்றன. அந்தக் கேஜ் மூன்றில் பெரியதை மட்டும் பிடித்துக் காட்டும். உடைந்த அறை மறைந்துவிடும். மூன்று அறைகளையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். செல்ஃப் வேகம் 250 ஆர்பிஎம் என்ற கணக்கில் ஆர்எக்ஸ்-8-க்கு மஸ்டா சொல்லும் அளவு 830 கிலோபாஸ்கல். 680-க்குக் கீழே போனால் இன்ஜின் காலம் முடிந்தது. ஒரே ரோட்டரின் அறைகளுக்குள் 150-க்கு மேலோ, இரண்டு ரோட்டர்களுக்கு இடையில் 100-க்கு மேலோ வித்தியாசம் இருக்கக் கூடாது.

டெஸ்டர் கிடைக்கவில்லை என்றால் காது இருக்கிறது. ஒரு ரோட்டரின் கீழ்ப் பிளக்கை மட்டும் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, செல்ஃப் அடித்துக் கேளுங்கள். புஸ், புஸ், புஸ் என்று ஒரே பலத்தில் வர வேண்டும். மூன்றில் ஒன்று மட்டும் சோர்ந்து வந்தால் அந்த அறையின் சைடு சீலைச் சந்தேகிக்கலாம். இரண்டு சோர்ந்து ஒன்று மட்டும் பலமாக வந்தால் அபெக்ஸ் சீல், ஏனென்றால் ஒரு முனை என்பது இரண்டு அறைகளுக்குப் பொதுவான மதில். மூன்றுமே சோர்வு என்றால் பொதுத் தேய்மானம்.

இந்த மதில்தான் ஹிரோஷிமாவில் பெரிய தலைவலியாக இருந்தது. அப்போது டோயோ கோக்யோ என்ற பெயரில் இருந்த மஸ்டா, 1961-இல் என்எஸ்யூவிடம் உரிமம் வாங்கியது. செய்துபார்த்த இன்ஜின்களின் ஹவுசிங் உட்சுவரில் வரிவரியாகக் கீறல்கள் விழுந்தன. அபெக்ஸ் சீல் வழுக்கிப் போகாமல் அதிர்ந்து துள்ளிக்கொண்டே போனதன் தடம். "பிசாசின் நகக்கீறல்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 1963-இல் அமைந்த நாற்பத்தேழு பேர் குழு இதோடு மல்லுக்கட்டியது. சீலுக்குள் குறுக்கும் நெடுக்கும் துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றியபோது கீறல் நின்றது. விற்பனைக்கு வந்த வண்டியில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீலைப் போட்டார்கள். அதுதான் 1967-இல் வந்த காஸ்மோ ஸ்போர்ட். அடுத்த வருடம் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் 84 மணி நேரம் நிற்காமல் நடந்த பந்தயத்தில் ஒரு காஸ்மோ நான்காவதாக வந்தது.

அதே 1967-இல் என்எஸ்யூ கொண்டுவந்த ரோ 80-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அழகான கார், 1968-ஆம் ஆண்டின் சிறந்த கார் விருதும் வாங்கியது. ஆனால் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. சாலையில் எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள், இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றியாயிற்று என்பதை விரல்களைக் காட்டிச் சொல்லிக்கொள்வார்கள் என்று ஒரு கதை உண்டு. வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே நொந்துபோன என்எஸ்யூ, 1969-இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

ஆர்எக்ஸ்-8-இல் நோய் கொஞ்சம் இடம் மாறியது. புகை போகும் வாசலைச் சுவரிலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். எரியாத பெட்ரோல் தப்பிப்பது குறைந்தது, மாசு குறைந்தது, 2003-இல் சிறந்த இன்ஜின் விருதும் கிடைத்தது. ஆனால் கரி அந்தப் பக்கவாட்டிலேயே படிந்து சைடு சீலின் பள்ளத்தில் இறுகுகிறது. சீல் அசைய முடியாமல் போனால் தேயாமலேயே கம்ப்ரஷன் குறையும். அதனால் அளவு எல்லைக்கோட்டில் இருந்தால் இன்ஜினை இறக்குமுன் கரி நீக்கும் திரவம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். சில நேரம் ஆச்சரியப்படுத்தும். 680-க்கு வெகுவாகக் கீழே இருந்தால் காசை வீணாக்காதீர்கள், இறக்கிப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அமெரிக்காவில் இந்தப் புகார்கள் குவிந்து, இன்ஜினின் மையப் பகுதிக்கான வாரண்டியை மஸ்டா 8 வருடம் அல்லது 1,00,000 மைல் என்று நீட்டிக்க வேண்டி வந்தது.

"மிஸ்ஸிங் அடிக்கிறது, பிக்கப் இல்லை"

முதல் சந்தேகம் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். இரண்டாவது சந்தேகமும் காயில்தான்.

ரோட்டரியின் எரி அறை நீளமாக, தட்டையாக இருக்கும். ஒரு மூலையில் வைத்த தீ மறு மூலைக்குப் போவதற்குள் அறையே நகர்ந்துவிடும். ஆகவே ரோட்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் நான்கு காயில். (1991-இல் லெ மான் பந்தயத்தில் வென்ற மஸ்டாவின் 787பி பந்தயக் காரின் நான்கு ரோட்டர் இன்ஜினில் ரோட்டருக்கு மூன்று பிளக் வைத்திருந்தார்கள்.) ஒரு காயில் செத்தாலும் இன்னொரு பிளக் எரித்துக்கொண்டிருப்பதால் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டுகிறவர் "கொஞ்சம் டல்லா இருக்கு" என்று மாதக்கணக்கில் ஓட்டிவிடுவார். ஆபத்து அதில்தான். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும். அதன் தேன்கூடு உருகி அடைக்கும். வெளியே போக வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்பும். அந்தச் சூட்டில் சீல் போகும். ஒரு காயிலில் மிச்சம் பிடித்த காசு முழு இன்ஜினாகத் திரும்பி வரும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 வந்தால் மிஸ்ஸிங் முன் ரோட்டரில், பி0302 பின் ரோட்டரில், பி0300 என்றால் அங்கும் இங்கும். காயில்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போட்டு, கோளாறும் கூடவே இடம் மாறுகிறதா என்று பாருங்கள். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய காயில் என்றால் சோதனையே வேண்டாம், நான்கையும் பிளக், வயரோடு சேர்த்து மாற்றிவிடுவேன். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 கூடவே வந்து, மேல் வேகத்தில் மூச்சு முட்டி, கியர் பக்கம் தரை சுடுகிறதென்றால் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம்.

குறைந்த ஆர்பிஎம்மில் நன்றாக இருக்கிறது, ஆர்பிஎம் ஏறினால் மட்டும் இழுக்கவில்லை என்றால் அது வேறு. ஆறு வாசல் கொண்ட மாடலில் காற்று வாசல்கள் படிப்படியாகத் திறக்கும்: சுமார் 3,750 ஆர்பிஎம்மில் ஒன்று, 6,000-ஐத் தாண்டியதும் இன்னொன்று. எப்போதும் மெதுவாகவே ஓட்டினால் அந்தத் தகடுகள் கரியில் ஒட்டிக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். இந்த வண்டியை நன்கு சூடான பிறகு தினமும் ஒரு தடவையாவது மேல் எல்லை வரை இழுக்க வேண்டும். பெரியவர்கள் மாதிரி 2,000-இல் கியர் மாற்றிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைப்பவருக்கு இந்த வண்டி ஒத்துவராது.

"ஆயில் குறைகிறது" / "ஆயில் குறையவே இல்லை"

குறைந்தால் நல்லது. சீல்களை நனைக்க ஒரு சின்ன பம்ப் இன்ஜின் ஆயிலைத் துளித்துளியாக உள்ளே விடுகிறது, அது எரிந்துபோகும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் கோலை எடுத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் ஓடியும் கோட்டில் அப்படியே நிற்கிறதென்றால் அப்போது பயப்படுங்கள்: பம்போ, அதிலிருந்து போகும் மெல்லிய குழாயோ வேலை செய்யவில்லை, சீல் காய்ந்துபோய் உரசுகிறது. இந்த பயத்தினால்தான் பலர் பெட்ரோலிலேயே கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்து ஓட்டுகிறார்கள். நல்ல தரமான, புகை குறைந்த ரகம் என்றால் அதில் தவறு இல்லை.

சில நாள் நின்ற வண்டி கிளம்பும்போது நீலப் புகை வந்து அடங்கினால் ரோட்டர் பக்கவாட்டில் இருக்கும் ஆயில் சீலின் ரப்பர் வளையம் கெட்டிப்பட ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். ஹிரோஷிமாவின் முதல் மாதிரிகளும் புகைமூட்டம் கிளப்பியவைதான். உலோகச் சீலுக்குப் பின்னால் ரப்பர் வளையம் வைத்துத்தான் அதை அடக்கினார்கள். உடனே அவசரமில்லை. புகை நிற்காமல் வந்தால் அவசரம்.

"கூலண்ட் குறைகிறது, வெள்ளைப் புகை"

இன்ஜின், சாண்ட்விச் மாதிரி அடுக்கி நீளமான போல்ட்டுகளால் இறுக்கியது: வார்ப்பிரும்புத் தட்டு, அலுமினிய ஹவுசிங், மறுபடி தட்டு. நடுவில் தண்ணீரைத் தடுக்க ரப்பர் வளையங்கள். ஹவுசிங்கின் ஒரு பக்கம் எப்போதும் குளிர்ந்த காற்று நுழையும், மறுபக்கம் எப்போதும் எரியும். பிஸ்டன் இன்ஜினில் ஒரே இடம் மாறி மாறிச் சூடாகிக் குளிரும். இங்கே சூடு ஒரே இடத்தில் நிற்கும். ஒரு தடவை நன்றாக ஓவர்ஹீட் ஆனால் உலோகம் நெளிந்து ரப்பர் விட்டுக்கொடுத்துவிடும்.

அதிகாலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், முதல் சில விநாடி மிஸ்ஸிங்கும் இனிப்பு வாடையும் சேர்ந்தால், உள் வளையம் போய்விட்டது. இதற்கு ஊற்றி அடைக்கும் திரவ வைத்தியம் எதுவும் வேண்டாம், இறக்க வேண்டியதுதான். "கூலண்ட் குறைவு" விளக்கு மட்டும் எரிகிறது, மட்டம் சரியாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் சென்சார் கோளாறு. இந்த வண்டியில் அது சகஜம்.

ஆர்எக்ஸ்-8-இன் டெம்பரேச்சர் முள்ளை நம்பாதீர்கள். நடுவில் வந்து நின்றால், சூடு எவ்வளவு ஏறினாலும் காட்டிக்கொள்ளாமல் நின்றுவிட்டு, காலம் கடந்த பிறகே எழும். மலிவான ஒரு ஸ்கேனரைச் செருகி எண்ணைப் பாருங்கள். 105 டிகிரியைத் தாண்டினால் ஓரம் கட்டுங்கள். முன் பம்பரின் மூலைகளில் இருக்கும் ஆயில் கூலர்களில் சருகும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்; ரோட்டரைக் குளிர்விப்பது ஆயில்தான்.

"டர்போ ஆர்எக்ஸ்-7, ஒரு சத்தம், அப்புறம் பலமே இல்லை"

ஆர்எக்ஸ்-7-இல் 1991-இல் வந்த எஃப்டி மாடலுக்கு இரட்டை டர்போ. சின்னச் சின்ன வேக்குவம் குழாய்கள் நூடுல்ஸ் மாதிரி பின்னிக் கிடக்கும். முப்பது வருடச் சூட்டில் அவை மொறுமொறுத்து உடையும். 4,500 ஆர்பிஎம் அருகில் இரண்டாவது டர்போ சேரும் இடத்தில் வண்டி தடுமாறினால் முதலில் அவற்றைப் பாருங்கள். டர்போவின் பலத்தை ஏற்றிய பிறகு பெட்ரோல் போதாமல் போனால் நாக்கிங் (கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) அடித்து அபெக்ஸ் சீல் ஒரே அடியில் உடையும். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறி டர்போ வழியாக வெளியே போகும். அதற்கு அறிகுறி பார்த்து வைத்தியம் செய்ய நேரம் இருக்காது.

வாங்கப் போகிறீர்கள் என்றால்

இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மேல் எல்லை வரை இழுங்கள். டீக்கடை ஓரமாக நிறுத்தி ஆஃப் செய்யுங்கள். டீ குடித்து முடித்துப் பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். ஓரிரு விநாடியில் பிடித்தால் பேரத்தைத் தொடரலாம், ரோட்டரி டெஸ்டரில் எடுத்த ஆறு எண்களையும் கேளுங்கள். செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும்போது விற்பவர் "பேட்டரி கொஞ்சம் வீக்" என்று சொன்னால், இன்னொரு பேட்டரியை ஜம்பர் கேபிளில் மாட்டி அவர் முன்னாலேயே இன்னொரு தடவை அடித்துப் பாருங்கள்.